பேச்சுத் துணைக்கு ஓர் ஆள்

சித்தப்பாவைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்ப்பதில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாங்கி வந்த ஆப்பிளும் ஹார்லிக்ஸும் பக்கத்து ஸ்டூலில் இருக்கும். பேச்சு முழுக்கச் சித்தியோடு நடக்கும். "சாப்பிடுறாரா?", "தூங்குறாரா?", "பாத்ரூம் வந்தா சொல்லத் தெரியுதா?" எழுந்து கிளம்பும்போது, குரலைக்கூடத் தணிக்காமல், அவருக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டே சொல்வார்கள்: "பாவம், அவருக்கு ஒண்ணும் புரியாது. புரியாம இருக்கிறதும் ஒரு வகையில நல்லதுதான்." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெயிலில் பஸ் பிடித்து, கைக்காசு போட்டுப் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். ஆனாலும் இந்தப் பேச்சு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. ஏனென்றால் அவருக்குப் புரிகிறது. அதைக் கேட்டதும் அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கதையை விட்டுவிடுகிறேன். படிக்கிற உங்களில் பலருக்கு அது சொந்த வீட்டுக் கதையாகவே இருக்கும். மூளையின் இடது பக்கம் அடைப்பு, வலது கையும் காலும் விழுந்தன, வாய் கோணியது. வீட்டுக்கு வந்தபிறகு கால் மெல்ல மெல்ல மீண்டது. கை பாதி வந்தது. கோணலும் போயிற்று. பேச்சு மட்டும் வரவில்லை. இதைத்தான் டாக்டர்கள் அஃபேசியா என்றார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. தொண்டையிலோ நாக்கிலோ கோளாறு கிடையாது. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கிறது, சொல் கைக்கு வர மறுக்கிறது. சிலருக்குப் பேசுவதை விடப் புரிந்துகொள்வதுதான் அதிகம் அடிபடும். சித்தப்பாவுக்கு அடிபட்டது பேசும் பக்கம். வேகமாகப் பேசினாலோ, நாலு பேர் சேர்ந்து பேசினாலோ தடுமாறுவார். ஒருவர் எதிரே உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னால் அநேகமாக எல்லாமே புரியும். அறிவு எங்கேயும் போகவில்லை. சீட்டாட்டத்தில் இன்றும் என்னால் அவரை ஜெயிக்க முடியாது.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பெரும்பாலும் தேனி மதுரை ரூட். உசிலம்பட்டியில் வீடு என்பதால் பாதி வழியில் வீட்டைத் தாண்டித்தான் தினமும் போவார். பேச்சே தொழிலாக இருந்த மனிதர். சில்லறைக்காகச் சண்டை போடுவார், அடுத்த ட்ரிப்பில் அதே ஆளுக்கு சீட் பிடித்துக் கொடுப்பார். ஸ்ட்ரோக் வந்தபின் அவரிடம் மிஞ்சியது "அது... அது வந்து..." என்ற இழுவை, ஒரு "ச்சை", அப்புறம் "இல்ல". இந்த "இல்ல" எல்லோரையும் சுற்ற விட்டது. காபி வேண்டுமா என்றால் "இல்ல" என்பார், கை டம்ளருக்கு நீளும். அஃபேசியாவில் ஆமாவும் இல்லையும் இடம் மாறுவது சாதாரணம் என்று யாரும் எங்களுக்கு அப்போது சொல்லவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை என்றுதான் வீட்டில் பலர் முடிவு கட்டினார்கள்.

ஆனால் ஒரு நாள் ஸ்பீச் தெரபிஸ்ட் "தேனி..." என்று எடுத்துக் கொடுத்தபோது, சித்தப்பா நிறுத்தாமல் சொன்னார்: "ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை, காளவாசல், ஆரப்பாளையம்." கணீரென்று, பழைய குரலில். சித்தி அழுதுவிட்டார். இனி எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தார். தெரபிஸ்ட்தான் பக்குவமாக விளக்கினார். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லித் தடம் விழுந்த வரிசைகள் மூளையில் வேறு வழியாக வருகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. ஞாயிறு, திங்கள், செவ்வாய். சாமி பாட்டு, கெட்ட வார்த்தை, எல்லாமே அப்படித்தான். ஒரே ஒரு சொல்லைத் தனியாகத் தேடி எடுப்பது வேறு காரியம். மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டால் அவருக்கு வராது. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். உதட்டுக்குள் தேனியிலிருந்து கிளம்பி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டி, செக்கானூரணி வந்ததும் மட்டும் சத்தமாகச் சொல்லி விரலைத் தூக்குவார். அதற்குச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடி பொறுத்திருக்கிற ஆள் எதிரே வேண்டும். அவ்வளவுதான் தேவை. அதுதான் கிடைப்பதில்லை.

டான் என்றொரு மனிதர்

அஃபேசியா பற்றித் தேடிப் படித்தால் முதலில் வந்து நிற்பது 1861, பாரிஸ். பால் புரோக்கா என்ற மருத்துவர் லெபோர்ன் என்ற நோயாளியைப் பார்க்கிறார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து "டான்" என்ற ஓசைதான் வரும், சாதாரணமாக இரண்டு முறை. அதனால் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே டான் என்றாகிவிட்டது. சில நாளில் அவர் இறந்துபோக, மூளையைப் பரிசோதித்த புரோக்கா இடது முன்பகுதியில் சிதைவைக் கண்டார். பேச்சுக்கு மூளையில் இடம் இருக்கிறது என்ற அறிவு அங்கேதான் உறுதிப்பட்டது. அந்த மூளையைப் பாரிஸில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் இடறுவது வேறு ஒன்று. புரோக்கா அவரைப் பார்த்தது கடைசிச் சில நாட்கள். அதற்கு முன் அந்த மனிதர் 21 ஆண்டுகள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அந்த 21 ஆண்டுகளும் அவரோடு யார் உட்கார்ந்து பேசினார்கள்? அவர் "டான் டான்" என்றபோது எதைச் சொல்ல வருகிறார் என்று கண்டுபிடிக்கும் பொறுமை அந்த வார்டில் யாருக்கு இருந்தது? சமையற்காரருக்கா, பக்கத்துக் கட்டில்காரருக்கா? மருத்துவத்துக்கு அவர் மூளை வேண்டியிருந்தது, நல்லது, அதனால் எத்தனையோ பேர் பயனடைந்தார்கள். ஆனால் சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது என் மனம் அந்தப் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் போகிறது.

எங்கள் வீட்டுக்கும் ஆலோசனைகள் வந்தன. வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தடவச் சொன்னார்கள். புறா ரத்தம் தேய்த்தால் நரம்பு முறுக்கேறும் என்றார்கள். ஒரு பெரியவர் திட்டவட்டமாக, "ஆறு மாசத்துல வந்தா வந்தது, அதுக்கு மேல வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். புறாவை விட இந்த ஆறு மாதக் கணக்குதான் அதிகக் கெடுதல் செய்தது என்பேன். ஏனென்றால் ஆறு மாதம் கழிந்ததும் சித்தி மனசு விட்டுவிட்டார். முதல் மாதங்களில்தான் மீட்சி வேகமாக இருக்கும் என்பது உண்மை. அதற்கப்புறம் கதவு சாத்திக்கொள்கிறது என்பது உண்மை இல்லை. 2017இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதத்துக்கு மேலான 150க்கும் அதிகமானவர்களுக்கு மூன்று வாரம், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் வாரம் பத்து மணி நேரம் என்பது உசிலம்பட்டியில் யாரால் முடியும்? 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன, அது பெரிய உபகாரம், சித்தப்பா நடப்பதற்கு அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண்தான் காரணம். பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் மதுரைக்குத்தான் போக வேண்டும். போகவர, காத்திருக்க என்று ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். அங்கே கிடைப்பது முக்கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் அவர் அந்த நாற்காலியில், ஓடுகிற டிவி முன்னால்.

கணவாயில் விழுந்த மரம்

மதுரையில் அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் தன் கிளினிக் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஃபேசியா உள்ளவர்களையும் அவர்கள் வீட்டாரையும் ஒன்றாகக் கூட்டுகிறார். பயிற்சி கிடையாது, பரீட்சை கிடையாது, டீயும் பிஸ்கட்டும் உண்டு. சித்தி முதலில் மறுத்தார். "பேச முடியாதவங்களை எல்லாம் ஒண்ணா உக்கார வச்சு என்ன செய்யப் போறாங்க?" நியாயமான கேள்விதான். போய்ப் பார்த்தபோது அங்கே ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வகுப்பெடுக்கும் ஏற்ற இறக்கத்தோடு தங்குதடையின்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்துக்கும் பொருள் இல்லை. அது அவருக்கே தெரியவில்லை என்பதுதான் அவருடைய அஃபேசியா. டூ வீலர் விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர் இருந்தார். பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா இருந்தார், வலது கை விழுந்துவிட்டதால் இடது கையை நீட்டி முழம் போட்டுக் காட்டித்தான் எண்ணிக்கை சொல்வார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் காற்றில் மூன்று முழம் அளப்பார்.

பேச்சுத் துணைக்கு என்று அங்கே ஸ்பீச் தெரபி படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் செய்வது டொரண்டோவிலிருந்து வந்த ஒரு முறை. அங்கே 1979இல் பேட் அராட்டோ என்ற பெண், தன் கணவருக்கு அஃபேசியா வந்தபின், அதற்கென்றே ஒரு மையத்தைத் தொடங்கினார். அதில் சேர்ந்த ஆரா ககன் என்ற தெரபிஸ்ட், நோயாளிக்குப் பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, அவரோடு பேசுகிறவருக்கும் பயிற்சி வேண்டும் என்று ஒரு முறையை வகுத்தார். 2001இல் அவர் வெளியிட்ட ஆய்வில் தன்னார்வலர்கள் 40 பேர், அதில் 20 பேருக்கு மட்டும் பயிற்சி. பயிற்சி பெற்றவர்களோடு பேசும்போது நோயாளிகளே கூடுதலாகப் பேச்சில் கலந்துகொண்டார்கள், பயிற்சி வாங்கியது அவர்கள் இல்லையென்றாலும். இந்த முறையின் ஆணிவேர் ஒரே வாக்கியம்: "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்." சொல் கிடைக்காமல் அவர் திணறும்போது அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு காகிதமும் பேனாவும். பெரிய எழுத்தில் ஒன்றிரண்டு சொற்கள் எழுதி முன்னால் வைப்பது, படம் வரைவது, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது, கடைசியில் "இதைத்தானே சொன்னீங்க?" என்று சரிபார்ப்பது. கத்திப் பேசக் கூடாது, காது நன்றாகத்தான் இருக்கிறது. டிவியை அணைக்க வேண்டும். இதில் கம்பசூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் யாரும் செய்வதில்லை.

அன்றைக்குச் சித்தப்பாவுக்கு எதிரே உட்கார்ந்த மாணவிக்கு ஆண்டிபட்டி. அதைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்து, "அது... அது வந்து..." என்று ஆரம்பித்தார். அந்தப் பெண் காகிதத்தில் வீடு, வேலை, சொந்தக்காரர் என்று எழுதி நீட்டினாள். வேலையைத் தட்டினார். பேனாவை வாங்கி இடது கையால் ஒரு கோடு போட்டார், கோடு வளைந்து வளைந்து போயிற்று. "கணவாயா?" கட்டைவிரல் உயர்ந்தது. ஒரு வளைவில் பெருக்கல் குறி போட்டார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார். "ராத்திரியா?" கட்டைவிரல். குறிக்கு மேலே நெடுக ஒரு கோடு. அவள் மரம், கல், வண்டி என்று எழுதினாள். மரத்தைத் தட்டினார். அப்புறம் இரண்டு தோளையும் முன்னால் தள்ளிக் காட்டி, விரலை எல்லாப் பக்கமும் சுற்றினார். "பஸ்ஸுல இருந்த எல்லாரும் இறங்கித் தள்ளினீங்களா?" சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் நான் பார்த்திராத சிரிப்பு. மழை ராத்திரியில் கணவாயில் மரம் விழுந்து, பயணிகள் எல்லோரும் இறங்கிப் புரட்டித் தள்ளி, பஸ் கிளம்பிய கதை. ஏறக்குறைய அரை மணி நேரம் ஆயிற்று அதைச் சொல்லி முடிக்க. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எனக்கே தெரியாதே" என்றார்.

இதை நான் இன்றும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சோறு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா என்று அதுவரை நாங்கள் அவரிடம் கேட்டதெல்லாம் தேவைகள். அவரிடம் சொல்ல ஒரு கதை இருக்கும் என்று நினைத்துக் கேட்ட முதல் ஆள் அந்தப் பெண். அஃபேசியா வந்தவருக்கு உதவி என்றால் தேவையைத் தெரிந்துகொள்வது என்றே எல்லோரும் எண்ணுகிறோம். மனிதன் பேசுவதில் தேவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் ஊர்க்கதை, புகார், கிண்டல், நினைப்பு.

அடுத்த அறை

டீ குடித்தபின் பராமரிப்பவர்களைத் தெரபிஸ்ட் அடுத்த அறைக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். அங்கே ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் இருக்கும் நோயாளியைப் பற்றிப் பேசக் கூடாது, உங்களைப் பற்றிப் பேசுங்கள். எல்லோரும் திகைத்துவிட்டார்கள். சர்க்கரை அளவும் மாத்திரைப் பெயரும் கேட்டால் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். தலைமையாசிரியரின் மனைவி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். பூக்காரம்மாவின் மகள் தரையைப் பார்த்தாள். கடைசியில் சித்திதான் பேசினார், அதுவும் தெரபிஸ்ட்டைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து.

"டூட்டி முடிஞ்சு எத்தனை மணிக்கு வந்தாலும் நான் முழிச்சிருப்பேன். சாப்புட உக்காந்தார்னா அன்னைக்கு பஸ்ஸுல யார் யார் ஏறுனாங்க, என்ன பேசுனாங்க, எவன் டிக்கெட் எடுக்காம ஒளிஞ்சான், எல்லாம் சொல்லுவாரு. நான் ஊரைத் தாண்டிப் போனதில்ல. ஆனா அம்புட்டும் தெரியும். இப்ப எல்லாரும் வந்து அவருக்குப் பேச்சு போச்சேன்னு வருத்தப்படுறாங்க. எனக்கும்தான் போச்சு. மாமியாரைப் பத்தி, மகளைப் பத்தி, ஏன், அவரைப் பத்தியே எனக்கு ஆத்தாம வந்தா நான் அவருகிட்டத்தான் சொல்லுவேன். இப்ப அதை யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

அவர் சொல்லி முடித்ததும் தலைமையாசிரியரின் மனைவி தேம்பித் தேம்பி அழுதார். என் எண்ணம் முழுக்கத் திரும்பியது அந்த இடத்தில்தான். அதுவரை நான் சித்தப்பாவுக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், அவரை ஒதுக்கிவிட்டுச் சித்தியோடு பேசுகிறார்களே என்று. ஆனால் வருகிறவர்கள் சித்தியோடும் பேசவில்லை. சித்தியிடம் விசாரித்தார்கள். வேறு எந்த நோயானாலும் புருஷனும் பெண்டாட்டியும் அந்த நோயைப் பற்றியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பயமாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம், திட்டிக்கொள்ளலாம். இந்த நோய் முதலில் எடுத்துக்கொள்வது அந்த வழியைத்தான். சித்தி காலையிலிருந்து இரவுவரை வாய் ஓயாமல் பேசுகிறார். டாக்டரிடம் அவருக்காக, மளிகைக் கடையில் அவருக்காக, போனில் அவருக்காக, அவரிடம் அவருக்காக. தனக்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை. பூக்காரம்மாவின் மகள் அப்போது ஒன்று சொன்னாள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குக்கூடப் போக முடிவதில்லையாம். நடக்க முடியாமல் இல்லை, ஏதாவது ஆனால் போனில் கூப்பிட்டுச் சொல்லத் தெரியாதே என்ற பயம். அந்தப் பயம் அறையில் இருந்த எல்லோருக்கும் இருந்தது.

கைநாட்டு

வங்கிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எல்லா வீட்டிலும் நடக்கிறது. பென்ஷன் கணக்கு சித்தப்பா பெயரில். வலது கை போனதால் கையெழுத்துப் பொருந்தவில்லை. அந்த வங்கியில் சித்தப்பாவிடம் ஒரு கேள்வி வேகமாகக் கேட்டார்கள், அவர் "இல்ல" என்றார், உடனே "இவருக்கு ஒண்ணும் புரியல, கோர்ட்டுல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போட முடியாத முதியவர்களும் நோயாளிகளும் கைரேகை வைத்து, இரண்டு சாட்சிகளோடு, அதில் ஒருவர் வங்கி அதிகாரி, பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியே வழிமுறை சொல்லியிருக்கிறது. கைரேகை முடியாவிட்டால் கால் விரல் ரேகைகூடச் செல்லும். அதைவிட முக்கியம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் அட்டவணையில் உள்ள 21 குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று, அதன் விளக்கத்தில் அஃபேசியா பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்துக்கொள்ளவும் தன் பண விவகாரத்தைத் தானே நடத்தவும் மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்கிறது. எங்கள் வீட்டில் வாங்கியிருந்த சான்றிதழில் கை, கால் மட்டும்தான் இருந்தது. பேச்சையும் சேர்த்து மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம் என்பதே தெரியாது. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது அந்த மாடியில் சந்தித்த ஒரு பராமரிப்பாளர், தன் மகனுக்காக அலைந்து கற்றவர். தெரபிஸ்ட்டின் கடிதத்தோடும், பெரிய எழுத்தில் எழுதிய இரண்டு மூன்று கேள்விகளோடும் மறுபடி போனபோது வேலை முடிந்தது.

ஒரு விசில், இரண்டு விசில்

மதுரைக்கு மாதம் ஒரு முறை போவது என்பது வேண்டியதில் கால்வாசி கூட இல்லை. உசிலம்பட்டியிலேயே ஆள் வேண்டும், அதுவும் அவரைத் தெரிந்த ஆள். கேரளத்தில் வலி நிவாரணச் சிகிச்சை பரவிய விதத்தை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கியது, பிறகு மலப்புரத்தில் பள்ளிக்கூட வாத்தியார், கடைக்காரர், இல்லத்தரசி என்று அக்கம்பக்கத்தாரே பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும் அமைப்பாக வளர்ந்தது. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஊரால் முடியுமென்றால், உட்கார்ந்திருப்பவரோடு பேச முடியாதா?

தெரபிஸ்ட் ஒரு ஞாயிறு வந்து பயிற்சி கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் கூடினோம். டீக்கடை அண்ணன் வந்தார், மருந்துக்கடைத் தம்பி வந்தான், சித்தப்பாவோடு நெடுங்காலம் ஒரே வண்டியில் ஓடிய டிரைவர் மாமா வந்தார். மாமா ஸ்ட்ரோக்குக்குப் பின் ஒரே ஒரு தரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார். "என்னத்தப் பேசுறதுன்னு தெரியல, அதான் வரல" என்று வெளிப்படையாகச் சொன்னார். பலர் வராமல் போவது இதனால்தான், அன்பு இல்லாமல் இல்லை. தெரபிஸ்ட், சித்தப்பாவின் ஆமாவும் இல்லையும் மாறிப் போவதை விளக்கி, கட்டைவிரலை நம்புங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமா குறுக்கிட்டார். "விரல் எதுக்கும்மா? ஒரு விசில் அடிச்சா நிறுத்தணும், ரெண்டு விசில் அடிச்சா போலாம் ரைட். இது அவனுக்கும் எனக்கும் தூக்கத்துலயே வரும்." சித்தப்பாவுக்கு விசில் வரவில்லை. கைத்தடியால் தரையில் தட்டினார். இரண்டு தட்டு. அன்றிலிருந்து வீட்டில் அதுதான் மொழி. ஒரு தட்டென்றால் இல்லை, இரண்டென்றால் ஆமா. வாய் "இல்ல" என்றாலும் தடி பிசகுவதில்லை. இதை எந்த ஆய்விலும் எந்தத் தெரபிஸ்ட்டும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவரோடு வண்டி ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

போனுக்கும் அதையே வைத்துக்கொண்டோம். சித்தியின் படம் போட்ட பொத்தானை அமுக்கி இரண்டு மிஸ்டு கால் கொடுத்தால் எல்லாம் ரைட். ஒன்றோடு நின்றால் உடனே வா. சட்டைப்பையில் ஓர் அட்டை: பெயர், ஊர், 'எனக்குப் பக்கவாதத்தால் பேச வராது, நீங்கள் மெதுவாகப் பேசினால் புரியும்', மகளின் எண். இப்போது காலையில் அவர் தனியாக டீக்கடைவரை நடக்கிறார். டிரைவர் மாமா வாரத்தில் சில நாள் மாலை வந்துவிடுகிறார், ஒரு நோட்டும் மார்க்கரும் அங்கேயே இருக்கின்றன. அந்த நேரத்தில் சித்தி கோயிலுக்கோ தங்கை வீட்டுக்கோ போகிறார்.

சொல்லப்போனால் இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வந்த தன்னார்வலர்கள் எல்லோரும் ஆண்கள். பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மதுரையில் சித்தி சுவரைப் பார்த்தாவது பேசினார், இங்கே தெரிந்த முகங்கள், அதிலும் ஆண்கள் நடுவே யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகளைப் பெற்ற பின் அஃபேசியா வந்த ஒரு பெண்ணை அவர் கணவர் அழைத்து வந்தார், அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார எங்களிடம் பெண்ணே இல்லை. இதை முதலில் எடுத்துச் சொன்னவர் சித்திதான். தன் மகளிர் சுயஉதவிக் குழுவின் கூட்டத்தில், கடன் கணக்கெல்லாம் முடிந்தபின், அவரே எழுந்து கேட்டிருக்கிறார்: மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், படிப்பு வேண்டாம், பொறுமையாக உட்காரத் தெரிந்தால் போதும். முதலில் யாரும் பதில் சொல்லவில்லையாம். அப்புறம் கணக்கு எழுதும் பெண், தன் மாமியாருக்கும் இப்படித்தான், ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து பின்கட்டு அறையிலேயே இருக்கிறார், புத்தி பேதலித்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள், கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள், கூடவே பயிற்சிக்கு இன்னும் மூன்று பெண்கள். பெண்களுக்கு ஆறாம் வகுப்பு அறையைத் தனியாகத் திறந்து தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார்.